வரியும் பரியும்: தெலுங்கு–ஜாவானீஸ் ஒப்பீடுகள் எங்கே சறுக்குகின்றன?

குரு, ராஜா, பூமி, பாஷை, சொர்க்கம், சாஸ்திரம், ரசம், தோஷம். இடது பக்கம் தெலுங்கு, வலது பக்கம் ஜாவானீஸ் என்று இந்தச் சொற்களை அடுக்கிய ஒரு பட்டியல் உங்கள் வாட்ஸாப்புக்கும் வந்திருக்கும். ஜாவானீஸில் குரு, ராஜா, பூமி மூன்றும் அப்படியே இருக்கின்றன. பாஷை 'பாசா', சொர்க்கம் 'ஸ்வர்கா', சாஸ்திரம் 'சாஸ்த்ரா'. பட்டியலின் கடைசியில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ஜாவாக்காரன் பேசுவது நம்மகிட்டேருந்து போன மொழி. அந்த 'நம்ம' யார் என்பது அனுப்புகிறவரைப் பொறுத்தது. ஆந்திராவிலிருந்து வந்தால் தெலுங்கு, தஞ்சாவூரிலிருந்து வந்தால் சோழர்.

இந்த வகை ஒப்பீடுகளைச் சில வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்தக் குறிப்பு அவற்றின் மீதான விமர்சனம். ஒப்பிடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தெலுங்கும் ஜாவானீஸும் ஒப்பிட வேண்டிய மொழிகள்தான். ஆனால் எதை எதோடு ஒப்பிடுவது, கிடைத்த ஒற்றுமையை என்னவென்று படிப்பது என்பதில்தான் இந்தப் பட்டியல்கள் சறுக்குகின்றன. அந்தச் சறுக்கலுக்கு நம்ம டெல்டாவிலேயே ஒரு விலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஜாவானீஸ் என்பது ஜாவாத் தீவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் பேசுகிற மொழி. இந்தோனேசியாவின் தேசிய மொழி வேறு. அது மலாயின் ஒரு வடிவம்.

1. வடசொல்லை எடுத்துவிட்டுப் பாருங்க

மேலே சொன்ன எட்டுச் சொற்களும் சமஸ்கிருதம். தெலுங்கும் அவற்றைக் கடன் வாங்கியது, ஜாவானீஸும் வாங்கியது. இதே பட்டியலை தாய்லாந்து மொழிக்கும் கம்போடியாவின் கெமருக்கும்கூடப் போடலாம். ஒரே வாத்தியாரிடம் படித்த ரெண்டு பேர் ஒரே பாடத்தை ஒப்பித்தால், அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா?

கடன் கொஞ்சநஞ்சம் இல்லை. ஸூட்மூல்டர் 1982இல் வெளியிட்ட பழைய ஜாவானீஸ் அகராதியில் ஏறத்தாழ 25,500 சொற்கள் இருக்கின்றன. அவற்றில் கிட்டத்தட்டப் பாதி, அதாவது 12,500க்கு மேல், சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை. தெலுங்கு இலக்கிய நடையிலும் இப்படித்தான் வடசொல் நிறைந்து கிடக்கிறது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு அகராதியிலிருந்து நூறு சொல் அள்ளினால், ரெண்டு கையிலும் சமஸ்கிருதம்தான் வரும்.

இந்தச் சிக்கல் நம்ம இலக்கணக்காரர்களுக்குப் புதிதில்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. தெலுங்கு இலக்கணத்திலும் தத்சமம், தத்பவம், தேசியம் என்ற பிரிவு உண்டு. முதல் வேலை வடசொல்லைத் தனியாகக் கட்டி வைப்பது. பட்டியல் போடுகிறவர்கள் இந்த வேலையைச் செய்வதே இல்லை. அதைச் செய்தால் பட்டியல் காலியாகிவிடும்.

காலியாவதைப் பாருங்கள். ஒன்றிலிருந்து பத்து வரை:

தெலுங்கு: ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது, ஆறு, ஏடு, எனிமிதி, தொம்மிதி, பதி.

ஜாவானீஸ்: சிஜி, லோரோ, தெலு, பபத், லிமா, எனெம், பிது, வொலு, சங்கா, செபுலு.

தெலுங்கு வரிசையைப் படிக்க நமக்கு வாத்தியார் தேவையில்லை. ஜாவானீஸ் வரிசையில் நமக்கு ஒன்றும் பிடிபடாது. ஆனால் மலேசியா, சிங்கப்பூர் போய்விட்டு வந்தவர்கள் டெல்டாவில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களிடம் 'லிமா, எனெம்' என்று சொல்லிப் பாருங்கள். மலாயில் அஞ்சு 'லீமா', ஆறு 'எனாம்' என்று உடனே சொல்வார்கள். பிலிப்பைன்ஸின் தகலாகில் அஞ்சிலிருந்து எட்டு வரை லிமா, அனிம், பிதோ, வலோ. ஜாவானீஸின் பங்காளிகள் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

உடம்பின் உறுப்புகளும் இதையே சொல்கின்றன. தெலுங்கில் கன்னு, செவி, முக்கு, பல்லு, காலு. ஜாவானீஸில் மதா, குபிங், இருங், உந்து, சிகில். கண்ணுக்கு மலாயிலும் தகலாகிலும்கூட 'மதா'தான்.

2. நெல்லில் ஒரு பொறி

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். நெற்பயிருக்குத் தெலுங்கில் 'வரி', ஜாவானீஸில் 'பரி'. ரெண்டும் நெல் விளையும் பூமி, ரெண்டு சொல்லும் ஒரே எழுத்தில்தான் வேறுபடுகின்றன. இது வடசொல்லும் இல்லை. அப்புறம் என்ன வேணும்?

ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும் என்று எண்ணுவதை எங்கள் தொழிலில் எடிட் டிஸ்டன்ஸ் என்போம். நீங்கள் டைப் செய்யும்போது பிழையைத் திருத்துகிற மென்பொருளுக்குப் பின்னால் இந்த மாதிரிக் கணக்குகள் உண்டு. வரிக்கும் பரிக்கும் தூரம் ஒன்று. தமிழின் எட்டுக்கும் தெலுங்கின் எனிமிதிக்கும் தூரம் எக்கச்சக்கம். இந்தக் கணக்கை மட்டும் நம்பினால், நெல் விஷயத்தில் தெலுங்குக்கு ஜாவானீஸ் தம்பி, எண் விஷயத்தில் தமிழ் தூரத்து ஆள் என்று கணினி சொல்லும். எழுத்துப்பிழை திருத்த அந்தக் கணக்கு சரி. மொழி வம்சம் பார்க்க உதவாது.

வம்சம் பார்க்கிறவர்கள் ஒரு சொல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பதில்லை. வேறுபாடு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்கிறார்கள். 'பரி' மலாயில் 'பாடி' (ஆங்கிலத்தின் 'பேடி' இதிலிருந்து போனதுதான்), தகலாகில் 'பலாய்'. நடுவில் ஜாவானீஸில் ர, மலாயில் ட, தகலாகில் ல. இது தற்செயலா? மூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவானீஸில் 'இருங்', மலாயில் 'ஹிடுங்', தகலாகில் 'இலோங்'. அதே ர, ட, ல. நெல்லுக்கும் மூக்குக்கும் பொருளில் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஒலி ஒரே தடத்தில் மாறியிருக்கிறது. மூன்றுக்கும் ஒரு மூலமொழி இருந்தது என்பதற்கு இந்த மாதிரித் தடங்கள்தான் சாட்சி.

தெலுங்குக்கும் நமக்கும் நடுவே இதே மாதிரி ஒரு தடம் இருக்கிறது. ஏழு, ஏடு. கோழி, கோடி. கூழ், கூடு (தெலுங்கில் வெந்த சோறு, சாப்பாடு). நம்ம சோழன்கூடத் தெலுங்கில் சோடன்தான். நம்ம ழ வருகிற இடத்தில் அங்கே ட. வரிக்கும் பரிக்கும் நடுவே இப்படி ஒரு வரிசையை யாராவது காட்டட்டும். 'முக்கு' எங்கே, 'இருங்' எங்கே?

நெல்லில் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அதையும் சிலர் உறவென்று எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு வயலில் நிற்பது நெல், குத்தினால் அரிசி, வடித்தால் சோறு, உடைந்தால் நொய், தட்டில் ஒட்டினால் பருக்கை. ஜாவானீஸில் வயலில் நிற்பது பரி, உதிர்த்த மணி கபா, தீட்டியது பெரஸ், வெந்தது செகா, நொய் மெனிர், பருக்கை உபா. ஆங்கிலத்தில் இவ்வளவுக்கும் 'ரைஸ்' என்ற ஒன்றை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். கட்டத்துக்குக் கட்டம் பொருந்துகிறது, ஆனால் ஒரு சொல்கூட ஒட்டவில்லை. நாற்று விட்டு, நட்டு, அறுத்து, அடித்துச் சாப்பிடுகிற எந்த ஜனத்துக்கும் இத்தனை பெயர் தேவைப்படும். இந்த ஒற்றுமை வேலையிலிருந்து வந்தது.

பெயரை வைத்து வம்சம் சொல்ல முடியாது என்பதற்கு நம்ம சாப்பாட்டுத் தட்டே போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னிக்குக் காவிரியின் பெயர். விதையின் மூலம் மலேசியாவின் மஷூரி.

3. எல்லீஸும் ஹும்போல்ட்டும்

தெலுங்கு, ஜாவானீஸ் ரெண்டுக்கும் வரலாற்றில் நிஜமாகவே ஒரு பொது விதி உண்டு. ரெண்டையும் சமஸ்கிருதத்தின் பிள்ளை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். ரெண்டையும் அந்த எண்ணத்திலிருந்து மீட்க ஒரே மாதிரி வாதம் தேவைப்பட்டது.

தெலுங்குக்கு அதைச் செய்தவர் சென்னை கலெக்டராக இருந்த எல்லீஸ் துரை. கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு 1816இல் அவர் சேர்த்த குறிப்பில், தெலுங்கு வேர்ச்சொற்களை சமஸ்கிருத வேர்ச்சொற்களோடும், பிறகு தமிழ், கன்னட வேர்ச்சொற்களோடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மாமிடி வெங்கய்யா தன் 'ஆந்திர தீபிகை'யில் தத்சமம், தேசியம் என்று பிரித்திருந்ததை அவர் பயன்படுத்திக்கொண்டார். கால்டுவெல்லின் நூல் 1856இல்தான் வருகிறது.

ஜாவானீஸுக்கு அதைச் செய்தவர் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட். அவர் இறந்த பிறகு 1836 முதல் 1839 வரை வெளிவந்த கவி மொழி பற்றிய நூல் அது. கவி என்றால் பழைய இலக்கிய ஜாவானீஸ். அதில் வடசொல் எவ்வளவு குவிந்திருந்தாலும், சொல்லை முன்னொட்டாலும் நடுவொட்டாலும் வளைக்கிற விதம் மலாய், பாலினேசிய மொழிகளின் விதம் என்று காட்டினார். இன்றைய ஜாவானீஸில்கூடப் பாருங்கள். துலிஸ் என்றால் எழுது, நுலிஸ் என்றால் எழுதுகிறான், டிதுலிஸ் என்றால் எழுதப்படுகிறது. மாற்றமெல்லாம் சொல்லின் தலையில் நடக்கிறது. தெலுங்கிலும் தமிழிலும் மாற்றமெல்லாம் வாலில். வீட்டில் என்பது தெலுங்கில் 'இண்ட்லோ', ஜாவானீஸில் 'இங் ஓமா'. நமக்கு 'இல்' பின்னால் வருகிறது, அவர்களுக்கு 'இங்' முன்னால் வருகிறது.

இதே காலத்தில் காலின் மெக்கன்சி ரெண்டு பக்கத்து ஏடுகளையும் கையில் வைத்திருந்தார். தென்னிந்தியாவில் காவலி சகோதரர்களின் துணையோடு தெலுங்கும் தமிழும் கன்னடமுமாகச் சுவடிகள் சேர்த்தவர் அவர். 1811 முதல் 1813 வரை ஜாவாவில் இருந்தார். பிரம்பானன் கோயில் இடிபாடுகளைப் பார்த்துக் கட்டுரை எழுதினார். 1812 ஜூனில் ஆங்கிலேயர் யோக்யகர்த்தா அரண்மனையைத் தாக்கிச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற சுவடிகளில் ஒரு பங்கு அவரிடம் போனது. தென்னிந்தியச் சேகரத்தில் பெரும்பகுதி இன்று சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. ஜாவானீஸ் பங்கு லண்டனில். யோக்யகர்த்தாவின் 75 சுவடிகளை பிரிட்டிஷ் நூலகம் 2019இல் டிஜிட்டல் வடிவில் வெளியிட்டது. நிஜமாக ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு மூலம் ரெண்டு பக்கமும் இருக்கிறது.

4. தள்ளிவிட முடியாத ஒற்றுமைகள்

உறவில்லை என்று சொன்னதும் எல்லா ஒற்றுமையையும் குப்பையில் போடுவதும் சரியில்லை. மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டியவை.

முதலாவது எழுத்து. ஜாவானீஸின் பாரம்பரிய எழுத்தையும் தெலுங்கையும் பக்கத்தில் வைத்தால் ரெண்டும் உருண்டையாக இருக்கும். மெய்யெழுத்துகள் சேரும்போது ரெண்டாவது எழுத்தைக் கீழே தொங்கவிடுவதும் பொது. தெலுங்கில் 'ஒத்து', ஜாவானீஸில் 'பசங்கன்'. நம்ம புள்ளி முறை இதற்கு நேர் எதிர். இங்கே உறவு உண்மையானது. ரெண்டு எழுத்தும் தென்னக பிராமியின் கிளைகள், ஜாவானீஸ் பல்லவ எழுத்தின் வழியாகப் போனது. ஆனால் எழுத்து சட்டை மாதிரி. ஜாவானீஸை அரபு எழுத்திலும் எழுதியிருக்கிறார்கள், இன்று பெரும்பாலும் ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். நீங்கள் போனில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறீர்கள், தமிழ் அதனால் ஆங்கிலம் ஆகிவிடவில்லை.

இரண்டாவது ஒலி. ஜாவானீஸில் த வேறு, ட வேறு. 'வெதி' என்றால் பயம், 'வெடி' என்றால் மணல். மலாயில் இந்த வேறுபாடு கிடையாது. இந்தியத் தொடர்பால் வந்தது என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் மணல் மாதிரியான சொந்தச் சொற்களிலேயே அது இருக்கிறது, பக்கத்து மதுரா தீவின் மொழியிலும் இருக்கிறது. இதை இந்தியக் கணக்கில் எழுதுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

மூன்றாவது மரியாதை. நாம் 'வா', 'வாங்க' என்கிறோம், தெலுங்கில் 'ரா', 'ரண்டி'. வினையின் வால் மட்டும் மாறுகிறது. ஜாவானீஸில் சொல்லே மாறும். சாப்பிடுவதற்குச் சாதாரணமாக 'மங்ஙன்', பணிவாக 'நெடா', பெரியவர்கள் சாப்பிட்டால் 'டஹர்'. சோறுகூட 'செகா', 'செகுல்' என்று ரெண்டாகும். நமக்கு இதன் வாசனை கோயிலில் மட்டும் உண்டு. சாமி சாப்பிடுவதில்லை, அமுது செய்கிறார். வருவதில்லை, எழுந்தருளுகிறார். நாம் சாமிக்கு வைத்துக்கொண்டதை ஜாவாக்காரர்கள் மாமனாரிடமும் பேசுகிறார்கள். எந்தப் பட்டியலிலும் நான் இதைப் பார்த்ததில்லை. குரு-ராஜாவை விட எவ்வளவோ சுவாரசியமான ஒப்பீடு இதுதான்.

5. தஞ்சாவூருக்கு இதில் என்ன?

தஞ்சை நாயக்கர் ஆட்சி 1673இல் முடிந்தது, அதற்குப் பிறகும் தெலுங்கு போகவில்லை. மராட்டிய மன்னர் ஷாஹாஜி தெலுங்கில் 'பல்லகி சேவா பிரபந்தம்' எழுதினார். திருவையாற்றில் தியாகராஜர் பாடியது பெரும்பாலும் தெலுங்கு. மெலட்டூர் பாகவத மேளா நாடகங்கள் தெலுங்கு. சரஸ்வதி மகாலில் தெலுங்குச் சுவடிகள் இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவே, வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கேயே உழுது, நெய்து, வியாபாரம் செய்து வாழ்கின்றன.

ஆனால் டெல்டாக்காரர் பலர் காதில் விழுவது மேடைத் தெலுங்கு. கீர்த்தனையில் வடசொல் அடுக்கடுக்காக வரும். அதைக் கேட்டுவிட்டு 'தெலுங்கு சமஸ்கிருதம்தானே, தமிழுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த படி, பக்கத்து வீட்டுக்காரர் அந்நியர் என்பது. அந்த வீட்டு அடுப்படித் தெலுங்கில் உப்பு உப்புதான், பால் 'பாலு', வீடு 'இல்லு', ஊர் 'ஊரு', தண்ணீர் 'நீள்ளு'.

இன்னொரு பக்கம், அதே ஆட்கள் ஜாவாவை நம்ம சொத்து என்று எழுதுகிறார்கள். மணிமேகலையில் சாவகம் வருகிறது, நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் இருந்தது, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுத்தான். எல்லாம் உண்மை. லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போனதால் லைடன் செப்பேடு என்று பெயர் வாங்கிய 21 ஏடுகள் இந்தக் கொடையைத்தான் சொல்கின்றன. ஆனால் அந்த விகாரத்தை எழுப்பியது ஸ்ரீவிஜயத்து சைலேந்திர மன்னர். ஸ்ரீவிஜயத்தின் மையம் சுமத்ரா, அங்கே கல்வெட்டு மொழி பழைய மலாய். அந்தச் செப்பேட்டிலும் அஞ்சு ஏடு சமஸ்கிருதம், பதினாறு ஏடு தமிழ், ஜாவானீஸ் ஒரு வரிகூட இல்லை. கடலில் போக்குவரத்து இருந்தது என்பதற்கு அது சாட்சி. கப்பல், கடை, பெட்டி, முதல் ஆகிய நம்ம சொற்கள் மலாயில் 'கபால்', 'கெடை', 'பெத்தி', 'மோடல்' என்று புழங்குவதும் அதைத்தான் சொல்கிறது. வியாபாரி கொண்டுபோன சொற்கள் அவை. தாய்மொழியை யாரும் கப்பலில் ஏற்றி இறக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் இருக்கிற நிஜ உறவை இல்லை என்பதும், கடல் தாண்டி இல்லாத உறவைக் கொண்டாடுவதும் ஒரே விதையில் முளைத்தவை. ரெண்டு பேச்சிலும் வடசொல்லை எண்ணித்தான் வம்சம் சொல்கிறார்கள்.

6. செய்ய வேண்டிய ஒப்பீடு

கிழக்கு ஜாவாவில் தர்மவங்ச தெகு மன்னன் காலத்தில் மகாபாரதத்தின் பருவங்களை ஜாவானீஸ் உரைநடையில் எழுதினார்கள். அவற்றில் விராடபருவத்துக்கு 996 என்று தேதியே இருக்கிறது. அப்போது தஞ்சாவூரில் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்தான். அவன் மகள் குந்தவை வேங்கிக்கு மருமகளாகப் போனாள். அவள் மகன் ராஜராஜ நரேந்திரனின் ராஜமகேந்திரவரம் சபையில்தான், 11ஆம் நூற்றாண்டில், நன்னய்யா மகாபாரதத்தைத் தெலுங்கில் தொடங்கினார். இன்று நமக்குக் கிடைக்கிற முதல் தெலுங்குக் காவியம் அது.

ஏறத்தாழ ஒரு மனித ஆயுள் இடைவெளியில், உறவே இல்லாத ரெண்டு மொழிகள் ஒரே சமஸ்கிருத நூலை உள்ளே எடுத்துக்கொண்டன. ஜாவானீஸ் உரைநடையாகச் சொல்லி, நடுநடுவே மூல சுலோகத் துண்டுகளை அப்படியே வைத்தது. தெலுங்கு செய்யுளும் வசனமும் கலந்த சம்புவாக மாற்றி, வடமொழி விருத்தங்களோடு தேசிச் சந்தங்களையும் சேர்த்துக்கொண்டது. எந்த இடத்தில் சொந்தச் சொல்லை விட்டார்கள், எந்த இடத்தில் விடவில்லை? போரைச் சொல்லும்போது எது, சமையலைச் சொல்லும்போது எது? ஒரே பருவத்தை ரெண்டிலும் எடுத்து, சொல் சொல்லாகப் பிரித்து எண்ணினால் தெரிந்துவிடும். விராடபருவத்தைத் தெலுங்கில் செய்தவர் பின்னால் வந்த திக்கன்னா. அதனால் ரெண்டு பக்கமும் காலம் ஒட்டி வர, நன்னய்யா முடித்த ஆதிபருவத்தை எடுப்பது நல்லது. ஜாவானீஸிலும் ஆதிபருவம் இருக்கிறது.

கணினியில் எண்ணுகிற வேலையை நான் செய்யத் தயார். பழைய ஜாவானீஸும் நன்னய்யாவின் தெலுங்கும் படிக்கத் தெரிந்தவர்கள்தான் வேண்டும்.